ராணி முகத்துத் தூசி

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் "பிரஸ்ஸில் இருக்கிறேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மேற்கொண்டு விளக்க ஆரம்பித்தால் கேட்டவர் முகம் போகிற போக்கு எனக்குப் பிடிக்காது. ஒருவர் வரைந்த படம் அச்சுக்கு வருகிறது. அதை ஸ்கேன் செய்கிறார்கள். அப்போது படத்தோடு சேர்ந்து தூசி, தலைமுடி, பூனை முடி, காப்பிக் கறை, வரைந்தவர் கடித்துத் துப்பிய நகம் வரைக்கும் எல்லாம் வந்துவிடும். கணினித் திரையில் படத்தை நாலு மடங்கு பெரிதாக்கி, அங்குலம் அங்குலமாக நகர்ந்து, அந்த அழுக்கையெல்லாம் துடைப்பது என் வேலை. பத்தொன்பது வருஷமாகத் துடைக்கிறேன். பிரஸ்ஸில் எனக்குப் பெயர் தூசியம்மா. முதலில் கோபம் வந்தது. மேனேஜருக்கு வைத்திருக்கிற பெயரைக் கேட்டதும், நம்முடையது எவ்வளவோ தேவலை என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் கையைத் தாண்டிப் போன எந்தப் புத்தகத்தையும் நான் படித்ததில்லை. படமும் பார்த்ததில்லை. பார்க்காமல் எப்படித் துடைப்பாய் என்று கேட்கக் கூடாது. நாலு மடங்கு பெரிதாக்கினால் யானை யானையாகத் தெரியாது, சாம்பல் நிறமாகத்தான் தெரியும். சாம்பல் நிறத்தில் கறுப்பாக ஏதாவது இருந்தால் ஒரு தட்டு, போயிற்று. யானையின் கண்ணை ஒரு தடவை அப்படித் தட்டிவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். அது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அதை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு வேறு பேச்சே கிடையாது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் வந்து என் மேஜையில் வேலைச் சீட்டை வைத்தார்.

"மேடம், இருபத்துநாலு படம். ஸ்கேன் பண்ணி ஒரிஜினலைத் திருப்பி அனுப்பியாச்சு. தேவதைக் கதை. பெரியவங்களுக்கு."

"பெரியவங்களுக்கா? ஏன் சார், பெரியவங்களுக்கு வேற வேலை வெட்டி இல்லையா?"

"எனக்கென்ன தெரியும்? பதிப்பகத்துல அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காங்க. வியாழக்கிழமை மூணு மணிக்கு மெஷின்ல ஏறணும். அதுக்குள்ள சுத்தம் பண்ணிடுங்க."

அவர் போன பிறகும் எனக்கு ஆறவில்லை. தேவதைக் கதை எதற்கு? குழந்தையைத் தூங்க வைக்க. பெரியவர்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லையே. என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட என்னிடம் கதை கேட்டதில்லை. வரைந்தவர் பெயர் என்று ஏதோ ஒரு புனைபெயர் போட்டிருந்தது. நான் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. சரி, நமக்கென்ன வந்தது என்று முதல் படத்தைத் திறந்தேன்.

முதல் படத்தில் ஒரு ராணி. தலையில் கிரீடம் இருந்ததால் ராணி என்று தெரிந்துகொண்டேன். அவள் மேலுதட்டுக்கு மேலே ஒரு கரும்புள்ளி. ஒரு தட்டு, போயிற்று. இரண்டாம் படத்திலும் ராணி, அதே இடத்தில் புள்ளி. மூன்றாம் படத்திலும். ஏழாம் படத்துக்கு வருவதற்குள் எனக்கு மூக்கு மேல் கோபம்.

"யாரு இந்த மகராசன்? பிரஷ்ஷைக் குறி பார்த்து ராணி மூஞ்சியிலேயே உதறியிருக்காரே!" என்று வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்து மேஜைக்காரர் ஹெட்ஃபோனை இன்னும் அழுத்தி மாட்டிக்கொண்டார்.

இருபத்துநாலு படத்தில் இருபத்திரண்டில் ராணி இருந்தாள். இருபத்திரண்டு முகத்திலும் ஒரே இடத்தில் தூசி விழுமா என்று மூளை உள்ளவள் ஒரு நிமிஷம் யோசித்திருப்பாள். நான் யோசிக்கவில்லை. ஒரு படத்தில் ராணி கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் முகத்திலும் புள்ளி, கண்ணாடிக்குள் தெரிகிற முகத்திலும் புள்ளி. இரண்டையும் எடுத்தேன். அதோடு விட்டேனா? வேலை முடிந்ததும் பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் கணினியிலிருந்தே அழித்தேன். அது என் வழக்கம். அழுக்கை எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும்? கைகளைத் தட்டிக்கொண்டு, மேனேஜரிடம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை ப்ரூஃப், அதாவது சரிபார்க்கிற மாதிரி அச்சு, பதிப்பகம் வழியாக வரைந்தவருக்குப் போயிற்று. வியாழன் காலை திரும்பி வந்துவிட்டது. பொதுவாக இந்த ஓவியர்கள் ப்ரூஃப்பைப் பார்த்ததும் குய்யோ முறையோ என்று கத்துவார்கள். நீலம் நீலமாக இல்லை, பச்சை சீக்கில் கிடக்கிறது என்று பக்கத்துக்குப் பத்துக் குறை எழுதுவார்கள். இதில் ஒவ்வொரு பக்கத்திலும் 'சரி' என்று ஒரே வார்த்தை. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி தட்டச்சு செய்திருந்தது: 'இதுதான் உங்கள் விருப்பம் என்றால் இப்படியே அச்சிடலாம்.'

"பாத்தீங்களா மேடம், எவ்வளவு மரியாதையான ஆளு! நம்ம விருப்பத்தையெல்லாம் மதிக்கிறாரு" என்று மேனேஜர் பூரித்துப்போனார். நானும் தலையாட்டினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்ததற்கு ஒருவராவது மதிப்புக் கொடுத்தாரே என்று எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது.

பத்தரை மணிக்கு மெஷின் அண்ணா என் அறைக்கு வந்தார். அச்சு இயந்திரத்தை ஓட்டுகிறவர். எனக்கு நேர் எதிர், எதை அச்சடித்தாலும் ஒரு வரி விடாமல் படிப்பார். மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற காகிதத்தைக்கூட படித்துவிட்டு, அந்த வியாதி தனக்கும் இருக்கிறது என்று ஒரு வாரம் படுத்திருக்கிறார். அன்று கையில் ப்ரூஃப் கட்டு, கண் இரண்டும் சிவந்திருந்தன.

"என்ன அண்ணா, இப்ப எந்த வியாதி?"

"அது கிடக்கட்டும் தூசிம்மா. இந்தக் கதையில ராணிக்கு மச்சம் இருக்கணுமே. எங்க?"

"எந்த மச்சம்?"

"மேலுதட்டுல. கதையே அந்த மச்சத்தை வச்சுதானே போகுது. படத்துல ஒரு ராணிக்கும் காணோம்."

அவர் கையிலிருந்த கட்டைப் பிடுங்கி, நின்றபடியே படித்தேன். பத்தொன்பது வருஷத்தில் நான் முதல் முதலாகப் படித்த புத்தகம் அதுதான்.

கதை இப்படி. ஒரு நகரத்தில் நாலாவது மாடியில் ஒரு ராணி இருக்கிறாள். அங்கே லிஃப்ட் ஓடாது. கிரீடத்தைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போவாள். நாட்டில் எங்கே கறை பட்டாலும் துடைக்க வேண்டியது அவள் பொறுப்பு. துடைத்துத் துடைத்து, கறை தவிர வேறு எதுவும் அவள் கண்ணில் படாமல் போய்விடுகிறது. அவளோடு ஒரு தங்கை இருக்கிறாள். மந்திரக்காரி. ஆனால் மந்திரப் பள்ளியில் தேறாதவள். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு மந்திரம்தான். அவள் எதை வரைந்தாலும் அதற்கு ஒரு மணி நேரம் உயிர் வரும். அவள் கரடி வரைவாள், கப்பல் வரைவாள், பாட்டுப் பாடுகிற அலமாரி வரைவாள். அந்த ஒரு மணி நேரமும் ராணி தரையில் சிந்திய மையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். நிமிர்ந்து பார்க்கும்போது கரடியும் இருக்காது, கப்பலும் இருக்காது.

ஒரு நாள் தங்கை சுவரில் ஒரு கதவு வரைகிறாள். அதைத் திறந்து வெளியே போய்விடுகிறாள். ராணி வேலையிலிருந்து வந்து பார்க்கிறாள், சுவரெல்லாம் கறை! ஈரத் துணியை எடுத்துத் துடைக்கிறாள். நாள் கணக்கில் துடைக்கிறாள், கறை போகவில்லை. வேர்வையைத் துடைக்கலாம் என்று கண்ணாடி முன்னால் நிற்கும்போது தன் மேலுதட்டில் ஒரு புள்ளி தெரிகிறது. அதையும் துடைக்கிறாள். பக்கத்தில் எழுதியிருந்த வரி: 'நாட்டில் எல்லாக் கறையும் போயிற்று. சுவரில் இருந்ததும் இதுவும் மட்டும் போகவில்லை.' அப்போது அவளுக்கு, சின்ன வயதில் தங்கை அந்த மச்சத்தைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தது நினைவுக்கு வருகிறது. அவளும் சிரிக்கிறாள். துணியைக் கீழே போட்டுவிட்டு, முதல் முறையாகச் சுவரைச் சும்மா பார்க்கிறாள். அந்தக் கறைக்கு ஒரு கைப்பிடி இருக்கிறது.

அந்த வரிக்கு எதிரே நான் சுத்தம் செய்த படம். பளிச்சென்ற முகம், பளிச்சென்ற கண்ணாடி. பைத்தியக்காரி மாதிரி ராணி ஒன்றுமில்லாத இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நல்லாத்தான் சுத்தம் பண்ணியிருக்கீங்க" என்றார் மெஷின் அண்ணா. அந்த நேரத்தில் அவரை அடிக்கலாம் போலிருந்தது.

பிறகுதான் படங்களைப் பார்த்தேன். பெரிதாக்காமல், துண்டு துண்டாக இல்லாமல், முழுப் படமாக. ராணி வீட்டு அலமாரிக்கதவு மூடாமல் இருக்க, அதில் ஒரு மடித்த அட்டை செருகியிருந்தது. பஸ்ஸில் ராணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் டிக்கெட்டை எட்டாக மடித்துக் கைக்கடிகார வாருக்குள் செருகியிருந்தாள். நான் என் கையைப் பார்த்தேன். வாருக்குள் அன்று காலை டிக்கெட், எட்டாக மடித்தது. என் விரல் தானாகப் போய் என் மேலுதட்டைத் தொட்டது. நாற்பத்தாறு வருஷமாக அங்கேதான் இருக்கிறது என் மச்சம்.

நான் அழித்தது என்னை. அதை வரைந்தவள் என் தங்கை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் என் வீட்டில்தான் இருந்தாள். நல்ல வேலையை விட்டுவிட்டு, படம் வரையப் போகிறேன் என்று வந்து உட்கார்ந்தவள். எனக்கு எரிச்சலாக வரும், ஆனாலும் சாப்பாடு போட்டேன். ஒரு முறை நாங்கள் நாலு நாள் ஊரில் இல்லை. அந்த நாலு நாளும் அவள் கூடத்துச் சுவர் முழுக்கக் கரியால் ஒரு படம் வரைந்து வைத்திருந்தாள். நான் கதவைத் திறந்து பார்த்ததும் கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் கத்தினேன். மறுநாள் வீட்டுக்காரரின் ஆபீஸ்காரர்கள் வருவதாக இருந்தது. அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். திரும்பி வந்தவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் வரைஞ்சதை நீ ஒரு நாளாவது பாத்திருக்கியா?"

"பாக்க என்னடி இருக்கு? செவுரு பூரா கரி."

அவள் அப்போதே துணிமணியை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து தனி வீடு. மூன்று வருஷமாக ஒரு வார்த்தை கிடையாது. அவள் எண்ணை என் போனிலிருந்து அழித்தேன். என் மேல் ஒரு தப்பும் இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்தச் சுவரில் என்ன வரைந்திருந்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இப்போது இரண்டாம் தடவை துடைத்திருக்கிறேன். மூன்று மணிக்கு மெஷின் ஓடிவிட்டால், அக்கா படத்தில் தன்னை அடையாளம் கண்டுகொண்டாள், கண்டுகொண்டு வேண்டுமென்றே தன்னை இருபத்திரண்டு படத்திலும் அழித்துக்கொண்டாள் என்று அவள் சாகிற வரைக்கும் நம்புவாள். 'இதுதான் உங்கள் விருப்பம் என்றால்.' அந்த வரி மேனேஜருக்கு எழுதியதில்லை, எனக்கு எழுதியது.

மேனேஜரிடம் ஓடினேன். 'சரி' என்று வந்த ப்ரூஃப்பை அவர் என் கையிலிருந்து வாங்கித் தூக்கிக் காட்டினார்.

"மேடம், சரின்னு வந்த ப்ரூஃப்ல நான் கை வைக்க முடியாது. வரைஞ்சவங்க நேர்ல சொல்லணும், இல்லன்னா எழுதிக் குடுக்கணும். மூணு மணி தாண்டினா இன்னொரு வேலை மெஷின்ல ஏறிடும். ஒரிஜினலை வரவழைச்சு மறுபடி ஸ்கேன் பண்ண நேரமில்ல. ஆமா, பழைய ஸ்கேன் இருக்குல்ல?"

"இல்ல."

"ஏன்?"

"துடைச்சிட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், தனக்குக் கேட்காதது எதிரில் இருப்பவருக்கும் கேட்காது என்று நினைத்துக் கத்துவார்.

"அப்பா, தங்கச்சி புத்தகம் போட்டிருக்காளா?"

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா! அக்காகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கியிருக்கா. அந்தப் பிரஸ்லதான் போடணும்னு பதிப்பகத்துல ஒத்தைக் கால்ல நின்னா, அதையும் நான் சொல்லலை!"

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. ஏன் இந்தப் பிரஸ்ல?"

அப்பா குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டதே இல்லை.

"வேற எங்க குடுத்தாலும் நீ பாக்க மாட்டியாம். அங்க குடுத்தா ஒவ்வொரு படத்தையும் நீ பாத்துதானே ஆகணும்? அதான்னு சொன்னா. நேத்து போன் பண்ணி, போகட்டும்பா, அக்காவுக்குப் பிடிக்கலைன்னு சொல்லிட்டு போனை வச்சிட்டா. என்னம்மா பண்ணினே?"

"நம்பரைச் சொல்லுங்கப்பா."

"அதே பழைய நம்பர்தான். நீதானே அழிச்சே?"

எண்ணை வாங்கிக் குறித்துக்கொண்டு, காகிதச் சுருள்கள் அடுக்கி வைத்திருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்ன சொல்வது என்று யோசித்தேன். வேண்டுமென்று அழிக்கவில்லை என்று சொல்லலாம். அப்படியானால் எப்படி அழித்தாய் என்று கேட்பாள். பார்க்காமல் அழித்தேன் என்று சொல்ல வேண்டும். அவள் மூன்று வருஷத்துக்கு முன்னால் சுவர் முன்னால் நின்று கேட்டாளே, அதே குற்றம். இந்தத் தடவை நானே என் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். வேண்டுமென்றே செய்தேன் என்று சொன்னால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

அவள் போனை எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஏண்டி, மச்சம் வைக்கிறவ அதை இவ்வளவு சின்னதாவா வைப்பே? தூசி மாதிரி இருக்கு!"

"..."

"இருக்கியா?"

"இருக்கேன். சொல்லு."

"நான் வேணும்னு அழிக்கலடி."

"இருபத்திரண்டு படத்துலயும் அழிச்சிருக்கே. கண்ணாடிக்குள்ள இருக்கிறதைக்கூட விடலை. வேணும்னு பண்ணாம எப்படி?"

"தூசின்னு நினைச்சேன்."

"படத்தைப் பாத்தா மச்சம்னு தெரியாதா?"

காகிதச் சுருளில் சாய்ந்துகொண்டேன்.

"படத்தைப் பாக்கலடி. நான் எதையுமே பாக்கறதில்ல. தூசியைத்தான் பாப்பேன். உன் செவுத்துலயும் அப்படித்தான். இன்னிக்குப் பத்தரை மணிக்குத்தான் முதல் தடவையா பாத்தேன். என்னை மன்னிச்சிடு."

அழுகிறாளோ என்று பயந்தேன். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இது அதை விட மோசம், தெரியுமா?"

"தெரியும்."

"ஆளு அடையாளம் தெரியாமலே இருபத்திரண்டு படத்துலயும் குறி தப்பாம அழிச்சிருக்கே. உன்னைக் கூட்டிட்டுப் போய் போர்ல விடலாம்."

"திட்டணும்னா திட்டிக்கோ. ஆனா மூணு மணிக்குள்ள மச்சத்தை வைக்கணும். மேனேஜர் நீ சொன்னாத்தான் கேப்பாரு."

"உன் மூஞ்சிதானே? நீயே வச்சுக்கோ. சரின்னு எழுதி அனுப்பறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். கோபமா சமாதானமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

சொன்னபடி இரண்டு நிமிஷத்தில் மேனேஜருக்கு அவள் எழுதிய சம்மதமும் வந்தது. மணி பன்னிரண்டு. முதல் படத்தைத் திறந்து, மேஜை டிராயரிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து எதிரே சாய்த்து வைத்துக்கொண்டேன். எந்தப் பக்கம் இருந்ததை அழித்தேன் என்று எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அழிக்கிறவளுக்கு அதெல்லாம் எதற்கு? கண்ணாடியைப் பார்த்தேன், புள்ளி இடது ஓரம் தெரிந்தது. ராணியின் முகத்திலும் இடது ஓரம் ஒரு புள்ளி வைத்தேன். கண்ணாடியைப் பார்ப்பதும் புள்ளி வைப்பதுமாக நாலு படம் முடித்தேன். மெஷின் அண்ணா பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"தூசிம்மா, இது நீங்க இல்லையே."

"ஏன் அண்ணா, நானும் மச்சத்தோட பொறந்தவதானே?"

"மச்சம் இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம். தினம் உங்களை எதிர்ல பாக்கிறவன் சொல்றேன். நீங்க கண்ணாடியைப் பாத்து வைக்கிறீங்க."

நான் கண்ணாடியைப் பார்த்தேன், ராணியைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கண்ணாடிக்குள் மாறித் தெரிகிற முகத்தைத்தான் இத்தனை வருஷமாக என் முகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். எதிரில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குத் தெரிகிற முகம் எனக்குத் தெரியவே தெரியாது. அதைத் தெரிந்தவள், எதையும் பார்க்காமல் மனசிலிருந்தே இருபத்திரண்டு தடவை வரைந்தவள், போனை வைத்துவிட்டாள்.

மறுபடி அழைத்தேன்.

"இப்ப என்ன?"

"எனக்கு என் மூஞ்சி தெரியலடி. நீ வா."

"என்னக்கா சொல்றே?"

"மச்சம் எந்தப் பக்கம்னுகூடத் தெரியலை. நீ வந்து வை. வந்து... என்னைப் பாத்து வை."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். பிரஸ்ஸில் யாரும் நான் அழுது பார்த்ததில்லை. பக்கத்து மேஜைக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார்.

ஒரு மணிக்கு வந்தாள். தோளில் பெரிய பை, கையில் மைக்கறை, நகத்துக்குள்ளும் மை. முன் நெற்றியில் நாலைந்து முடி நரைத்திருந்தது. அது எனக்குத் தெரியாது. வாசலில் நின்று என் மேஜையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், நான் தப்பான பக்கம் மச்சம் வைத்த ராணியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இது யாரு, உன் நாத்தனாரா?"

மெஷின் அண்ணா சிரித்துவிட்டு, நான் முறைத்ததும் மெஷினைப் பார்க்கப் போய்விட்டார். அவள் நாற்காலியை இழுத்து என் முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி எதிரே போட்டு உட்கார்ந்தாள். என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். மை விரல் என் தாடையில் ஒட்டியது. நான் துடைக்கவில்லை.

"கொஞ்சம் பெருசாயிருக்குக்கா."

"நீயும்தான்" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என் நாற்காலிக்கு மாறி, கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். நான் வைத்த நாலு புள்ளியை முதலில் எடுத்தாள். பிறகு ஒவ்வொரு படமாகத் திறந்து, என் முகத்தை ஒரு தரம் பார்த்து, ஒரு புள்ளி வைத்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். படம் முழு அளவில் திரையில் இருந்தது. முதல் படத்தில் பஸ் நிறுத்தம். மூன்றாவதில் கிரீடத்தைச் சாப்பாட்டுப் பையில் வைத்து ஜிப்பை மூட முடியாமல் ராணி அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவதில் பாட்டுப் பாடுகிற அலமாரி. ராணி அதற்கு முதுகைக் காட்டித் தரையைத் துடைத்துக்கொண்டிருக்க, அலமாரி அவளுக்காகவே பாடிக்கொண்டிருந்தது.

ஆறாவதில் கரடி. கூடத்தின் உயரம் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. கையில் ஒரு தட்டு, தட்டில் ஆவி பறக்கிற ஒரு கோப்பை. அதை நீட்டிக்கொண்டு, ராணி எப்போது நிமிர்வாள் என்று காத்திருந்தது. அந்தச் சுவரில் ஒரு மின்விசிறி சுவிட்சு. அது எங்கள் கூடத்துச் சுவிட்சு, ஒரு மூலை உடைந்தது. ஒரு மணி நேரத்தில் அந்தக் கரடி மறைந்துவிடும். அதன் முகத்தில் அவசரமே இல்லை.

தங்கை புள்ளியை வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போகக் கையை எடுத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் கதவுக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா? மறுபடியும் தப்பா? எங்கேயாவது தூசி இருக்கா?"

"பேசாம இருடி" என்றேன். "பாத்துட்டிருக்கேன்."